நாள் குறித்தவர்கள் – 11: கல்வெட்டில் கல்கி உண்டு, தேதி இல்லை

1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடியதும், உலகம் முடியப்போகிறது என்று நாடு முழுக்க ஹோமம் வளர்த்ததும், அதே மாதம் பொதுத்தேர்தல் ஒழுங்காக நடந்ததும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அதைத் திரும்பச் சொல்ல இங்கே இடமில்லை.

இந்த வாரம் அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங்கைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் மாமல்லபுரத்தில் ஒரு கல்வெட்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறவர்கள் ஆதிவராகர் குகைக்கோயில் பக்கம் அதிகம் வருவதில்லை. குன்றின் மேற்குப் பக்கத்தில், இன்றும் பூஜை நடக்கிற கோயில் அது. உள்ளே பல்லவ அரசர் சிம்மவிஷ்ணு இரண்டு தேவியரோடு உட்கார்ந்திருக்கிறார். எதிர்ப்புறம் மகேந்திரன், தேவியின் கையைப் பிடித்து சந்நிதிக்கு அழைத்துப் போகிற பாவனையில் நிற்கிறான். இருவரின் பெயரும் மேலே பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசர்களைப் பார்க்க வருகிறவர்கள்கூட அதே குகையில் பல்லவ கிரந்தத்தில் வெட்டியிருக்கும் ஒரு சம்ஸ்கிருத சுலோகத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொல்லியல் துறைக்காக எச். கிருஷ்ண சாஸ்திரி 1926-இல் அதைப் பதிப்பித்தார். ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டு எழுத்து என்பது அறிஞர்கள் கணிப்பு.

சுலோகம் திருமாலின் பத்து அவதாரங்களை வரிசையாகச் சொல்கிறது. மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன். பிறகு ராமன் என்ற பெயர் மூன்று தடவை வருகிறது: பரசுராமன், தசரதன் மகன், பலராமன். ஒன்பதாவது புத்தர். பத்தாவது கல்கி. கண்ணனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, புத்தருக்கு இருக்கிறது! புத்தரை அவதாரங்களில் ஒருவராகச் சேர்த்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பாறைக்குள் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிற ஆசிரியர்கள் ஐந்து ரதங்களோடு நிறுத்தாமல் இந்தக் குகைக்கும் கூட்டி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் தொடருக்கு வேண்டியது பத்தாவது பெயர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கல்கி என்று செதுக்கியவர் பெயரோடு நிறுத்திக்கொண்டார். எப்போது வருவார், எந்த ஊரில் வருவார், காணிக்கை எவ்வளவு என்றெல்லாம் கல்லில் இல்லை.

காலக்கணக்கு வேண்டுமென்றால் அதுவும் நம் பஞ்சாங்கத்திலேயே உண்டு. கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டுகள். அது கி.மு. 3102-இல் தொடங்கியது என்பது மரபு. ஐயாயிரத்துச் சொச்சம்தான் கழிந்திருக்கிறது. கல்கி வருவது யுக முடிவில். ஆக, நம்புகிறவரின் சொந்தக் கணக்குப்படியே இன்னும் நான்கு லட்சத்து இருபத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாக்கி. கல்கி வந்துவிட்டார் என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க நாத்திகம் தேவையில்லை, பஞ்சாங்கமே போதும்.

ஆனாலும் ஒருவர் சொன்னார். எல்.ஐ.சி.யில் எழுத்தராக இருந்த விஜயகுமார் கல்கி பகவான் ஆனார். மனைவி அம்மா; இருவரையும் சேர்த்து அம்மா பகவான் என்பார்கள். திருவள்ளூர் பக்கம் நேமத்தில் ஆசிரமம். சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டினால் வரதய்யபாளையம், அங்கே 2008-இல் பளிங்கில் பிரம்மாண்டமான கோயில். அவர் உலகம் அழியும் என்று பயமுறுத்தவில்லை. 2012-இல் பொற்காலம் பிறக்கும், 64,000 பேர் ஞானம் பெற்றால் மனித குலமே மாறும் என்றார். அதற்கு தீட்சை, அதற்கு வகுப்பு, அதற்குக் கட்டணம். மாயன் நாட்காட்டியைக் காட்டி 2012 டிசம்பர் 21-இல் உலகம் முடியும் என்று மற்றவர்கள் பயத்தை விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுக்கு இவர் ஆசையை விற்றார். இரண்டுமே தேதியை வைத்து நடந்த வியாபாரம். அந்த ஆண்டும் போயிற்று.

2019 அக்டோபர் 16-ஆம் தேதி வருமான வரித்துறை சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், வரதய்யபாளையம் என்று சுமார் 40 இடங்களில் சோதனை போட்டது. 43.9 கோடி ரூபாய் ரொக்கம், சுமார் 25 லட்சம் அமெரிக்க டாலர், 88 கிலோ தங்க நகை பிடிபட்டதாகத் துறை அறிவித்தது. கணக்கில் காட்டாத வருமானம் 500 கோடிக்கு மேல் என்றது. நாங்கள் எங்கும் ஓடிவிடவில்லை என்று விஜயகுமார் வீடியோவில் பேசினார்.

அந்த அறிவிப்பில் தங்கத்தைப் பற்றித்தான் ஊர் பேசியது. நான் பார்த்தது வேறு ஒரு வரியை. கணக்கில் வராத ரொக்க வசூல் 2014-15 நிதியாண்டு முதல் சுமார் 409 கோடி என்று துறை மதிப்பிட்டிருந்தது. ஆண்டைக் கவனியுங்கள். பொற்காலத்துக்குக் குறித்த 2012 கழிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு தொடங்குகிற கணக்கு அது. சொன்ன நாள் பொய்த்தது கல்லாவைத் தொடவே இல்லை. இத்தனை வாரமாக நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்துக்குத்தான்: நாள் குறித்தவருக்கு நாள் தவறினால் நஷ்டமில்லை. வேலையை விட்டவருக்கும் நகையை விற்றவருக்கும்தான் நஷ்டம்.

பேரழிவு வராது என்று நான் சொல்லவில்லை. இந்த மாமல்லபுரக் கரையில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்கு சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் பக்கத்துக் குப்பங்களான கொக்கிலமேட்டுக்கோ தேவனேரிக்கோ ஒரு வார்த்தை சொல்ல யாருமில்லை. ஜோசியரும் சொல்லவில்லை, சாமியாரும் சொல்லவில்லை. அந்த அலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்து ஒரு பாறைக் கல்வெட்டை வெளியே காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியபோது முருகன் கோயில் ஒன்று கிடைத்தது, வாசலில் கல்லாலான வேலோடு. பல்லவர் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். கடல் கொண்டுபோன கோயிலின் மேலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். கடல் வரும் என்று தெரிந்தும் இங்கே ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

2012-க்கே திரும்புவோம். ஏப்ரல் 11, பிற்பகல் 2.08. சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம். சென்னையில் கட்டடங்களை விட்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இன்காய்ஸ் சுனாமி மையம் எச்சரிக்கை கொடுத்தது. கரையில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். பாறைத்தட்டுகள் மேல்கீழாக எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. கடலில் மிதக்கும் கருவிகளும் அலைமானிகளும் அதை உறுதி செய்தன. மாலைக்குள் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள், காரணத்தையும் சொன்னார்கள். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்று காட்டுவதும், நடக்காதபோது நடக்கவில்லை என்று சொல்வதும்தான் எச்சரிக்கை.

ஆகவே வாசகர்களே, அடுத்த தடவை யாராவது நாள் குறித்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், எதை வைத்து அந்தக் கணக்கு என்று கேளுங்கள். அந்த நாளுக்கு மறுநாள் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கேட்கச் சொல்லுங்கள்.

கேம்பிங் அடுத்த வாரம் நிச்சயம். 2011 மே 21 என்றார். தவறியதும் அக்டோபர் 21 என்றார். அதுவும் தவறியபின் 2012 மார்ச்சில் தான் சொன்னது தவறு என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். இந்தத் தொடரில் நாம் பார்த்தவர்களில் அந்தக் காரியத்தைச் செய்தவர் வேறு யாருமில்லை.