பெயர் தெரியாத மீனும் எமது வாவியும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இன்று செல்வந்தர் வீடுகளுக்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கல்ல. மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடுத்தரக் குடும்பங்களின் முன்கூடங்களில் அத்தகைய தொட்டிகளைக் காண்கிறோம். பிள்ளைகளின் விருப்பத்துக்காகக் கடைக்குச் செல்லும் பெற்றோர், அழகாயிருக்கும் நான்கைந்து குஞ்சுகளைப் பொலித்தீன் பையில் வாங்கி வருகின்றனர். அவை எந்த இனம், எந்த நாட்டுக்குரியவை, எவ்வளவு பெரிதாக வளரும் என்ற கேள்விகளை வாங்குபவர் கேட்பதுமில்லை. விற்பவர் பலருக்கு விடை தெரிவதுமில்லை. இந்த அறியாமை வீட்டுக்குள் முடிந்துவிடும் ஒன்றல்ல என்பதையே நாம் இங்கு விளக்க முனைகிறோம்.

கடையில் வழங்கும் பெயர் வர்த்தகத்துக்காக வைக்கப்பட்ட பெயரே அன்றி இனத்தின் பெயரல்ல. 'ஷார்க்' என்று விற்கப்படும் மீன்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் எதுவும் சுறா அல்ல. 'பாலா ஷார்க்' என்பது தென்கிழக்காசியாவைச் சேர்ந்த கெண்டைக் குடும்பத்து மீன். அதன் உடலில் பெரிய செதில்கள் உண்டு, மீசை இல்லை. அதே பெயரின் மறுபாதியைத் தாங்கிய 'இரிடெசன்ட் ஷார்க்' என்பதோ மீக்கொங் ஆற்றுக்குரிய கெளிற்றினம். அதற்குச் செதில் இல்லை; இரண்டு சோடி மீசைகள் உண்டு. விரலளவில் வாங்கும் அந்தக் குஞ்சு ஒரு மீற்றருக்கு மேலும் வளரக்கூடியது. நான்கு அடித் தொட்டியில் அதனை எப்படி வைத்திருப்பது?

பெயர் மயக்கம் எமக்குப் புதியதுமல்ல. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா ஆபிரிக்க மீன். ஆயினும் எமது மக்கள் அதனை 'ஜப்பான் மீன்' என்றே வழங்கிவருகின்றனர். மட்டக்களப்பின் பெருமையான பாடும் மீன் விடயத்திலும் இதுவே நிலை. அந்த ஒலியை எழுப்புவது மீனா, ஊரியா என்ற விவாதம் எமர்சன் டெனன்ட் எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஓர் உயிரினத்தைச் சரியாக இனங்காண்பது எளிய காரியமல்ல என்பதற்கு எமது வாவியே சான்று.

எனினும் தொட்டி மீன் ஒன்றை ஓரளவுக்கு இனங்காண ஆய்வுகூடம் தேவையில்லை. பொறுமையும் கண்ணும் போதும். முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது, நிறத்தை நம்பக்கூடாது என்பதாகும். ஒரே இனத்தில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு எனப் பல வகைகளைப் பண்ணைகளில் உருவாக்குகின்றனர். கண்ணாடி போன்ற உடல்கொண்ட சிறு மீன்களுக்கு ஊசி மூலம் சாயமேற்றி விற்ற கொடுமையும் நடந்துள்ளது. வயதுக்கேற்பவும் நிறம் மாறும். இராட்சத விராலின் குஞ்சு செம்மஞ்சள் நிறமும் கறுப்புக் கோடுகளுமாகக் கண்ணைப் பறிக்கும். வளர்ந்தபின் அந்தச் சிவப்பு மறைந்துவிடும். எஞ்சுவது ஒரு மீற்றரையும் தாண்டக்கூடிய, பிற மீன்களை விழுங்கும் வேட்டை மீனே.

ஆகவே உடலமைப்பையே பார்க்க வேண்டும். வாய் மேல்நோக்கியிருந்தால் அது பெரும்பாலும் நீரின் மேற்பரப்பில் இரை தேடுவது. கீழ்நோக்கியிருந்தால் அடித்தளத்தில் மேய்வது. அடுத்து மீசைகளை எண்ண வேண்டும். பின்னர் முதுகுச் செட்டைக்கும் வாலுக்குமிடையே கதிர்களற்ற சிறிய சதைச் செட்டை ஒன்று உண்டா எனப் பார்க்க வேண்டும். 'கொழுப்புச் செட்டை' எனப்படும் இது கெளிற்றினங்கள் பலவற்றிலும், பிரானா, டெட்ரா முதலியவற்றின் கூட்டத்திலும் காணப்படும். கெண்டைக் குடும்பத்தில் இராது. மூக்குத் துவாரம் பக்கத்துக்கு ஒன்று மட்டும் இருந்தால், திலாப்பியாவும் ஏஞ்சல் மீனும் அடங்கிய சிக்கிலிட் குடும்பத்தை நினைக்கலாம். பக்கவாட்டில் தெளிவான புகைப்படம் ஒன்றும், அளவுகோலை அருகில் வைத்து எடுத்த நீளமும் இருந்தால் அறிந்தவர்களிடம் காட்டி உறுதிப்படுத்துவது எளிது.

இத்தகைய சிறு அடையாளங்களில் பெரிய வேறுபாடுகள் தங்கியுள்ளன. பிரானாவும் பாக்குவும் குஞ்சுப் பருவத்தில் இரட்டையர் போன்றவை. பிரானாவின் பற்கள் முக்கோண வடிவில் கூரியவை. பாக்குவின் பற்கள் மனிதரின் கடைவாய்ப் பற்களைப் போலத் தட்டையானவை. முன்னதை இலங்கைக்குக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டுள்ளது.

'டாங்க் கிளீனர்' விடயம் இன்னும் முக்கியமானது. தொட்டியின் பாசியைத் தின்னுமெனக் கூறி விற்கப்படும் இம்மீன்கள் தென்னமெரிக்காவின் கவசக் கெளிறுகள். ஒரே பெயரில் வேறுபட்ட இனங்கள் விற்கப்படுகின்றன. முதுகுச் செட்டையின் முன்முள்ளை விடுத்து மென்கதிர்களை எண்ணிப் பார்த்தால் உண்மை புலப்படும். ஏழு கதிர்கள் கொண்டவற்றுள், விரல் நீளத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடும் சிறிய இனங்களும் உள்ளன. பாய்மரம் போல் விரியும் செட்டையில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கதிர்கள் இருப்பின், அது ஒன்றரை அடி வரை வளரும் டெரிகோப்பிளிக்திஸ் வகை.

பெரிதாகிவிட்ட மீனை என்ன செய்வது? கொல்ல மனம் வராது, விற்கவும் இயலாது. ஆகவே பலர் வாவியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். புண்ணியம் கருதியும் இது செய்யப்படுகிறது. ஆனால் ஓர் உயிருக்குக் காட்டிய இரக்கம் நூறு குடும்பங்களின் உலைப்பானையைக் கவிழ்க்கக்கூடும்.

இது வெறும் அச்சமல்ல. டெரிகோப்பிளிக்திஸ் மீன்கள் இலங்கையின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் ஏற்கனவே பெருகியுள்ளன. அவை கரைகளைக் குடைந்து முட்டையிடுவதால் கரைகள் சரிகின்றன. அவற்றின் முள்ளும் கவசமும் வலைகளைக் கிழிக்கின்றன. பிடிபட்டாலும் அவற்றை வாங்குவார் அரிது. மெக்ஸிக்கோவின் இன்பியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் செழித்திருந்த திலாப்பியா மீன்பிடி, இம்மீன்களின் பெருக்கத்தால் நொடிந்துபோனது. எமது நாட்டிலேயே 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குருநாகல் மாவட்டத்தின் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் இராட்சத விரால் பெருகியிருப்பது செய்தியாயிற்று. அலங்கார மீனாக வந்ததே அவ்வாறு பரவியிருக்கலாமென நம்பப்படுகிறது. அவற்றைக் குறைப்பதற்காகத் தூண்டில் போட்டி நடத்துமளவுக்கு நிலைமை சென்றது.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. அது உவர்நீர் வாவிதானே, நன்னீர் மீன் அங்கு எப்படிப் பிழைக்கும் என்று சிலர் கேட்கலாம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆறுகளும் வயல்வெளிகளின் வடிகால்களும் வாவியில் கலக்கும்போது உவர்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. டெரிகோப்பிளிக்திஸ் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும். நீரில் ஒட்சிசன் குறைந்தால் மேலெழுந்து காற்றை விழுங்கியும் பிழைக்கும். வாவியில் நேரே விடாவிட்டாலும் ஆபத்து நீங்காது. 2011 ஜனவரி வெள்ளத்தை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தில் வீட்டு முற்றத்துத் தொட்டிக்கும் வயலுக்கும் வாவிக்குமிடையே எல்லை ஏது? கோயில் தீர்த்தக்குளத்திலும் பள்ளிவாசல் ஹவுளிலும் மீன் விடுவோரும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

எனவே நாம் கூறுவது இதுதான். இனம் தெரியாத மீனை வாங்காதிருப்பது முதல் விதி. ஏற்கனவே வாங்கியிருந்தால் அதனை இனங்கண்டுகொள்ளுங்கள். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையிடமோ, நாரா, நக்டா ஆகிய அரச நிறுவனங்களின் அலுவலர்களிடமோ புகைப்படத்துடன் விசாரிக்கலாம். றொஹான் பெத்தியாகொட 1991இல் வெளியிட்ட இலங்கை நன்னீர் மீன்கள் பற்றிய ஆங்கில நூல், பிடிபட்ட மீன் நாட்டு இனமா அல்லவா என்று பார்க்க உதவும். வளர்க்க இயலாமற்போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள். எக்காரணம் கொண்டும் நீர்நிலையில் விடாதீர்கள்.

மீன் வளர்ப்பை நாம் எதிர்க்கவில்லை. 1929ஆம் ஆண்டில் பி.ஈ.பி. தெரணியகல அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய செர்ரி பார்ப் எனும் இலங்கையின் ஈரவலயத்துச் சிறுமீன், இன்று உலகெங்குமுள்ள தொட்டிகளை அலங்கரிக்கிறது. எமது நாட்டு மீனின் பெயரும் ஊரும் அங்குள்ளவர்களுக்குத் தெரிகின்றன. இங்கு விற்கப்படும் பிறநாட்டு மீன்களுக்கும் அத்தகைய விபரம் வேண்டாமா? ஒவ்வொரு கடையிலும் தொட்டியின்மேல் விஞ்ஞானப் பெயர், தாயகம், முழு வளர்ச்சியில் நீளம் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிவைக்கச் செய்வது அதிகாரிகளுக்குப் பெருஞ்செலவான காரியமல்ல. பாடசாலைகளுக்குப் படங்களுடன் கூடிய சிறு கையேடொன்றும் வேண்டும். வாவியை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் மீனவர் இருசாராரும் ஒரே நீரிலேயே வலை வீசுகின்றனர். அந்த நீரில் ஓர் அந்நிய மீன் பெருகிவிட்டால், அது யாருடைய வலையென்று பார்த்துக் கிழிக்கப்போவதில்லை.