சங்கிலி மூலக்கூறுகளை அளவறிந்து வளர்த்தல்

மிளகாய்ப் பாத்தியில் விரிக்கும் பொலித்தீன், தெளிகருவியின் குழாய், இறப்பர்ச் செருப்பு, வைக்கோலின் நார் ஆகிய யாவும் ஒரு வகையில் ஒத்த அமைப்பு உடையன. சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகளே அவை. சிறு மூலக்கூறு ஒருபகுதியம் எனவும், சங்கிலி பல்பகுதியம் எனவும் பெயர் பெறும். செருமன் அறிஞர் எர்மன் சுத்தோடிங்கர் 1920 ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டபோது பலர் அதனை ஏற்றிலர். 1953 இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சாதாரண முறையிற் பல்பகுதியம் செய்யும்போது சங்கிலிகள் ஒரே வேளையில் தொடங்குவதில்லை. ஒரு வயலில் நாள்தோறும் சிறிது சிறிதாக விதைத்து, முளைத்தவை எப்போது மடியும் என்பதும் தெரியாவிடின், அறுவடை நாளில் அங்கு நிற்கும் பயிர் எவ்வாறிருக்கும்? குட்டையும் நெட்டையும் கலந்தே நிற்கும். அவ்வாறே சங்கிலிகளும் பல நீளத்தனவாய் அமையும். வாளிக்கும் பைக்கும் இது போதும். நுண்ணிய வேலைக்குப் போதாது.

ஒரே நாளில் நாற்று நட்ட வயல் சீராக வளரும். இதனையொத்த முறையை 1956 இல் ஐக்கிய அமெரிக்காவின் சிரக்கியூசு நகரில் மைக்கேல் சுவார்க் என்பவர் காட்டினார். சோடியமும் நத்தலீனும் சேர்ந்த பச்சைநிறக் கரைசலில் சுத்தைரீனை இட்டவுடன் அது சிவந்தது. சங்கிலிகள் யாவும் ஏறக்குறைய ஒருங்கே தொடங்கி வளர்ந்தன. சுத்தைரீன் முடிந்தபின்னரும் அவற்றின் முனைகள் இறக்கவில்லை. மேலும் இட்டபோது மீண்டும் வளர்ந்தன. ஆதலால் இவை உயிருள்ள பல்பகுதியங்கள் எனப்பட்டன. வளர்முனை ஒன்றுக்கு 500 அலகு கிடைக்குமாறு இட்டால் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 500 அலகே வளரும். ஆயினும் சிறிதளவு நீரோ ஒட்சிசனோ பட்டால் முனை இறந்துவிடும்.

இதன் பெரும்பயன் யாதெனில், முதலில் ஒரு பொருளையும் பின்னர் வேறொரு பொருளையும் ஊட்டி, ஒரே சங்கிலியில் வேறுவேறு பகுதிகளை அமைக்கலாம் என்பதே. செருப்பின் அடிப்பாகம் இதற்கு நல்ல உதாரணம். சிலவகை அடிகளில், சங்கிலியின் இரு முனைகளும் கடினமான பொலிசுத்தைரீனாகவும், நடுப்பகுதி மெல்லிய பொலிபியூற்றாடையீனாகவும் உள்ளன. கடின முனைகள் ஒன்றுதிரண்டு முடிச்சுகள்போல் நிற்கும். நடுப்பகுதி நீண்டு சுருங்கும். ஆகவே கந்தகமிட்டுப் பதப்படுத்தாமலே இறப்பரின் குணம் கிடைக்கிறது. சூடாக்கினால் முடிச்சுகள் இளகுவதால் அதனை மீண்டும் உருக்கி வார்க்கவும் முடியும்.

நீருக்கு அஞ்சாத முறைகள் பின்னர் வந்தன. 1995 இல் அமெரிக்காவில் மற்றியசெவுசுக்கியும் யப்பானில் சவமோற்றோவும் தனித்தனியே உலோகச் சேர்வைகளைக் கொண்டு ஒரு முறையை வெளியிட்டனர். 1998 இல் அவுத்திரேலிய அரச ஆராய்ச்சி நிலையத்தார் கந்தகச் சேர்வைகளைக் கொண்டு மற்றொன்றை அறிவித்தனர். குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சுவது கமக்காரர் அறிந்ததே. அதுபோல இம்முறைகளில் ஒரு வேளையிற் சில சங்கிலிகளே விழித்து வளரும், ஏனையவை உறங்கும். முறை மாறிமாறி வருவதால் எல்லாம் சமமாக நீள்கின்றன.

கமத்தொழிலுக்கு அண்மையானது பொலிலற்றிக்கமிலம். சோளத்து மாப்பொருளிலிருந்து பெற்ற இலற்றிக்கமிலத்தை வளையமாக்கி, பின் அவ்வளையங்களைத் திறந்து கோத்து இது செய்யப்படுகிறது. நீளத்தை இங்கும் கட்டுப்படுத்தலாம். "மண்ணில் உக்கும்" என்று விற்கப்படும் விரிப்புகள் சிலவற்றில் இது உண்டு. எனினும் 60 பாகை செல்சியசு அளவு சூடேறிய கூட்டெருக் குவியலிலேயே இது விரைவில் உக்கும். வயல் மண்ணில் மிகத் தாமதிக்கும். வியாபாரியின் சொல்லை மட்டும் நம்பி இதனை உழுது புதைத்தல் தகாது. சாதாரண பொலித்தீனோ உக்குவதேயில்லை எனலாம். அதனைப் போகம் முடிந்ததும் கிழியாமல் அகற்றல் வேண்டும், எரித்தலாகாது.

பல்பகுதியம் பூசிய யூரியாவும் உண்டு. பூச்சினூடாக ஈரம் புகுந்து, பசளை வாரக்கணக்கில் மெதுவாக வெளிவரும். இப்பூச்சுகளிற் பெரும்பாலானவை மேற்சொன்ன நுண்முறைகளாற் செய்தவை அல்ல. மலிவான சாதாரண வகையே. யப்பானிய நெல்வயல்களில் யூரியா கரைந்தபின் வெற்றுக் கூடுகள் மிதந்து, வடிநீருடன் ஆற்றையும் கடலையும் அடைந்தன. 2019 இல் ஐரோப்பிய ஒன்றியம், இத்தகைய பூச்சுகள் சிதையத்தக்கனவாயிருக்க வேண்டும் எனச் சட்டமியற்றி, அதற்குத் தவணையும் கொடுத்தது. இவ்வகைப் பசளை இட்ட வயலில், மறுபோகத்துக்குச் சேறடிக்கும்போது நீரைக் குறைவாக நிறுத்துவதும், வடிவாய்க்காலின் வாயில் நெருங்கிய கண்ணுடைய வலையைக் கட்டுவதும் யப்பானியக் கமக்காரர் கையாளும் வழிகளாகும்.