தயங்கும் கண்ணாடி

பொத்தானை அழுத்தியதும் விரைந்து ஏற வேண்டிய மகிழுந்துக் கண்ணாடி, சில வேளைகளில் தயங்கித் தயங்கி ஏறும். உடனே, மோட்டார் பழுதாகிவிட்டது என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். புதிய மோட்டாருக்குப் பணத்தையும் செலவழிக்கின்றனர். ஆனால், கண்ணாடியின் விளிம்புகள் சறுக்கிச் செல்லும் இரப்பர் பள்ளமே பலமுறை இதற்குக் காரணமாகிறது. மலேசிய வெயிலில் இரப்பர் காய்ந்து இறுகும், தூசியும் சேரும். உராய்வு கூடுவதால் மோட்டார் திணறும். ஈரத்துணியால் பள்ளத்தைத் துடைத்து, உலர்ந்தபின் சிலிக்கோன் திரவத்தைச் சிறிதளவு தெளித்தால் கண்ணாடி எளிதாக நகரும். வீட்டில் கிடைக்கும் எண்ணெயைத் தடவக்கூடாது. அது தூசியை ஈர்ப்பதோடு இரப்பரையும் கெடுக்கும்.

இயந்திரம் ஓடும்போது மட்டும் கண்ணாடி வேகமாக ஏறினால், மின்கலத்தைச் சோதிக்க வேண்டும்.

கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் சிக்கல் கதவுக்குள் இருக்கிறது. கண்ணாடியைத் தூக்கும் கம்பிவடம் நைந்திருக்கலாம். அதைத் தாங்கும் நெகிழிக் கவ்வி உடைந்திருக்கலாம். திருகாணி தளர்ந்தும் இருக்கலாம். அதைக் கையால் நிமிர்த்தி, நாள்களைக் கடத்துவோரும் உண்டு. கண்ணாடி ஒருநாள் கதவுக்குள் விழுந்துவிட்டால், அடைமழையில் இருக்கைகள் நனைவதைத் தடுக்க முடியாது. ஆகவே, பட்டறைக்குச் செல்வதே நல்லது. அங்கும் மின்னிணைப்பைத் துண்டித்த பிறகே கதவுக்குள் கைவிடுவர். இணைப்பு இருக்கும்போது யாரேனும் பொத்தானைத் தொட்டுவிட்டால், உள்ளே இருக்கும் விரல்கள் நசுங்கிவிடும்.