எல்லைப் பிள்ளைகளும் ஹியூமானிட்டீஸ் குரூப்பும்
பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பாடம் எடுப்பது?

பாறசாலை: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: “அடுத்து எந்தக் குரூப்?” முதலில் சயன்ஸ். அதற்கு மார்க் போதாவிட்டால் காமர்ஸ். அதுவும் கிடைக்காவிட்டால் ஹியூமானிட்டீஸ். சரித்திரம், பொருளாதாரம், அரசியல், புவியியல் ஆகியவை கடைசிப் பந்திக்காரர்களுக்கு உரியவை என்ற எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. இந்த எண்ணம் சரிதானா?

கேரளத்தில் பிளஸ் டூ வகுப்புகள் அரசுப் பள்ளிகளில் 1990-91-ல் தொடங்கப்பட்டன. அதற்கு முன் ப்ரீ டிகிரிக்காகப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டியிருந்தது. இப்போதைய முறையில் முதல் பகுதி ஆங்கிலம். இரண்டாம் பகுதி விருப்ப மொழி. மூன்றாம் பகுதியில் நான்கு பாடங்கள். ஹியூமானிட்டீஸ் பிரிவில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட பாடச் சேர்க்கைகள் உள்ளன. சமூகவியல், உளவியல், சமூகப் பணி, மானிடவியல், காந்திய இயல், பத்திரிகை இயல் என்று பட்டியல் நீளுகிறது. ஆனால் ஒரு பள்ளியில் கிடைப்பது ஒன்றோ இரண்டோ சேர்க்கைகள்தாம். ஆகவே பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதே.

தமிழ் விட்டுப்போகும் இடம்

எல்லைப் பகுதிப் பெற்றோர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டியது இரண்டாம் பகுதியில்தான். விருப்ப மொழிகளில் தமிழும் உண்டு. ஆயினும் சேரும் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இல்லையென்றால், பத்து வருடம் படித்த தமிழை அந்தப் பிள்ளை அங்கேயே விட்டுவிட நேரும். ஆரம்பப் பள்ளியில் தாய்மொழி வழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவு ஆரம்ப வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன்னில் தமிழைக் காப்பது பெற்றோரின் கையில்தான் இருக்கிறது.

காலடியில் கிடக்கும் சரித்திரம்

சரித்திரமும் அரசியலும் இந்த மண்ணுக்கு அந்நியமானவை அல்ல. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் பங்காளிகள் இரண்டு மாநிலத்தவர் ஆனார்கள். மாநிலப் புனரமைப்பு பற்றி வகுப்பில் படிக்கும் மாணவன், களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தினமும் பார்க்கிறவன்.

1938-ல் பொறுப்பாட்சிக் கிளர்ச்சியின்போது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் பலியாயினர். நெய்யாற்றின்கரையோடு நெருங்கிய தொடர்புடைய ஜி. ராமச்சந்திரன்தான், மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

இன்னும் பின்னே போனால் வியப்பு கூடுகிறது. எல்லைக்கு அப்பால், முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில், கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். அங்கே சேர விரும்புவோர் இலக்கணம் முதலியவற்றோடு மூன்று ராஜ்யங்களின் நடைமுறையையும் அறிந்திருக்க வேண்டும் என்று அவனது செப்பேடு கூறுகிறது. வேதம் ஓதும் அந்தணப் பிள்ளைகளுக்கு மட்டுமே அந்தச் சாலை திறந்திருந்தது. இன்று அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சேரத்தான் தயக்கம்!

வேலை கிடைக்குமா?

பெற்றோரின் கவலை நியாயமானதே. ஐ.ஏ.எஸ். முதலிய மத்தியத் தேர்வுகளில் சரித்திரம், புவியியல், பொருளாதாரம், அரசியல், சமூகவியல், தமிழ் இலக்கியம் ஆகியவை விருப்பப் பாடங்கள். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கேரளத்துத் தமிழ் வழிப் பள்ளிகளுக்கான ஆசிரியர் பணிக்குத் தேர்வாணையம் தனியே அறிவிக்கை வெளியிடுவதும் உண்டு. சட்டம் படிக்கவும், பத்திரிகைத் துறையில் சேரவும் இந்தப் பாடங்கள் நல்ல அடித்தளம். ஆனால் பிளஸ் டூவோடு நின்றுவிட்டால் பயன் குறைவு. பட்டப்படிப்பு வரை படிக்க வைக்கும் உறுதி வீட்டில் வேண்டும்.

மனு எழுதும்போது...

சேர்க்கை ஏகஜாலக முறையில் நடக்கிறது. ஒரே மனுவில் பல பள்ளிகளையும் பாடச் சேர்க்கைகளையும் வரிசையாகக் குறிக்கலாம். இந்த வரிசை மிக முக்கியம். ஒரு விருப்பம் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதியவை ரத்தாகிவிடும். சொந்தப் பஞ்சாயத்து, சொந்தத் தாலுகாப் பள்ளிகளுக்குக் கூடுதல் புள்ளி உண்டு.

எனவே மனு கொடுக்குமுன் பெற்றோர் பள்ளிக்கு நேரில் சென்று இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது. எந்த நான்கு பாடங்கள்? தமிழ் உண்டா? இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் பெருகினால்தான் தமிழ் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கைக்கும் பலம் கிடைக்கும். கேட்காத இடத்தில் பணியிடம் தானாக முளைத்து வருவதில்லை.