ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது பல பாதைகள்

“வாயிருந்தால் வங்காளம் போகலாம்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், ஆளரவமற்ற மலைப்பாதையில் யாரிடம் போய் வழி கேட்பது?

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களையும் ஸ்ட்ராபெரிப் பண்ணைகளையும் பார்க்காத மாணவர் நம்மில் குறைவு. ஆனால், தானா ராத்தா, பிரிஞ்சாங் பட்டணங்களைச் சுற்றி எண்ணிடப்பட்ட காட்டுப்பாதைகள் இருப்பதைப் பலர் அறியார். விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் அங்கு நடந்து வருபவன் என்ற முறையில், அப்பாதைகளின் வழிக்குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இங்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில், குறிப்புகள் ஏன் பிழைபடுகின்றன? மழைக்காட்டில் எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. பலகை உளுத்துப்போகும், மரம் சாய்ந்து பாதையை அடைக்கும், மண் சரியும், ஆள் நடக்காத பாதையைச் சில மாதங்களில் புதர் மூடிவிடும். கைப்பேசிச் செயலிகளில் உள்ள கோடுகளோ முன்பு நடந்தவர்கள் பதிவேற்றியவை. அவர்கள் வழி தவறி அலைந்ததும் அக்கோட்டில் சேர்ந்தே இருக்கும்.

அடுத்து, பலரும் சிந்திக்காத ஒன்று. மலை முகடுகள் சிகரத்தை நோக்கி ஒன்றுசேர்கின்றன. ஆகவே ஏறும்போது எந்தக் கிளையில் சென்றாலும் பெரும்பாலும் உச்சியை நெருங்குவோம். இறங்கும்போது அதே முகடுகள் பிரிந்து போகின்றன. ஒரு கிளை மாறினாலும் வேறொரு பள்ளத்தாக்கில் போய் நிற்போம். எனவே, ஏறும்போதே ஒவ்வொரு சந்தியிலும் நின்று திரும்பிப் பாருங்கள். வந்த வழியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது கண்ணில் படப்போவது அந்தத் தோற்றமே.

மூன்றாவது, நேரக் கணக்கு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி நேரம் என்பது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி. வேரும் சேறும் நிறைந்த நம் காட்டுக்கு நாங்கள் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வோம். காலை 9 மணிக்குப் புறப்பட்டு மாலை 5 மணிக்குள் சாலையை அடைய வேண்டுமானால், பகல் 1 மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும். சிகரம் எதிரே தெரிந்தாலும்!

ஒருமுறை நாங்கள் அறுவர் 10ஆம் எண் பாதையில் ஜாசார் மலைக்கு ஏறினோம். ஒரு சந்தியில், கையிலிருந்த நகல் வரைபடம் இடப்பக்கம் என்றது. மரத்தில் கட்டியிருந்த நாடா வலப்பக்கம் என்றது. செயலியோ இரண்டுக்கும் நடுவே புதருக்குள் கோடு காட்டியது. இரு பக்கமும் பத்துப் பத்து நிமிடம் சேர்ந்தே நடந்து பார்த்தோம். தெளிவு பிறக்கவில்லை. மணி ஒன்றானதும் திரும்பினோம். தோழி ஒருத்திக்குப் பெருங்கோபம். இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. தானா ராத்தாவில் தேநீருக்கு உட்கார்ந்தபோது மழை கொட்டத் தொடங்கியது. அப்போதும் அவள் பேசவில்லை. தன் தட்டிலிருந்த வடையை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா எனக் கேட்கலாம். தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் நாள் இதே கேமரன் மலையில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே நடந்து சென்றார்; திரும்பவில்லை. காவல்துறையினரும் ஒராங் அஸ்லி மக்களும் பிறரும் காட்டைச் சல்லடையாகச் சலித்தனர். அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

வழி தவறியது உறுதியானால் அங்கேயே நில்லுங்கள். ஓடையைப் பின்தொடர்ந்து இறங்காதீர்கள். அது அருவி விளிம்பில் கொண்டுபோய் விடக்கூடும். தொடர்பு கிடைத்தால் 999ஐ அழையுங்கள். கிடைக்காவிட்டால் நிமிடத்திற்கு ஆறு முறை ஊதலை ஊதி, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஊதுங்கள். புறப்படும் முன்பே வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டால், தொடர்பு இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் உங்கள் இருப்பிடத்தைக் காட்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

மலை அடுத்த விடுமுறையிலும் அங்கேதான் இருக்கும். நாமும் இருக்க வேண்டும், நண்பர்களே!