கருக்கலைப்பும் கணவன் மனைவிக்கிடையில் விழும் மௌனமும்

கருக்கலைப்பு என்று பேச்சு வந்தால் நம் சமூகத்தில் அது கூடுமா, கூடாதா என்பதோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் எப்படி வாழ்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கட்டுகஸ்தோட்டையில் படிப்பிக்கும் ஆசிரியை நான். பெற்றோர் சந்திப்புக்கு வரும் தாய்மார் பிள்ளையின் புள்ளிகளில் தொடங்கி வீட்டுக் கதையில் முடிப்பது வழமை. அப்படித்தான் இதையும் கேட்கக் கிடைத்தது.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303 ஆம் பிரிவு: தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைப்பது குற்றம். 3 வருடம் வரை சிறை, சிசு அசையத் தொடங்கியிருந்தால் 7 வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். வல்லுறவினால் உண்டான கர்ப்பத்துக்காவது விலக்களிக்க 2017 இல் எடுத்த முயற்சியும் நின்றுபோனது.

ஆகவே இங்கே நடப்பதெல்லாம் இரகசியமாகத்தான். திருமணத்தை முதலில் அரிப்பதும் அந்த இரகசியம்தான். உம்மாவிடம் சொல்ல முடியாது. மாமியிடம் சொல்லவே முடியாது. இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். (பயந்தாலும் போகத்தான் வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.) அந்த இரவில் கணவன் பக்கத்தில் இருந்தாரா, கடையைப் பார்க்கப் போய்விட்டாரா என்பதை எந்த மனைவியும் மறப்பதில்லை.

ஒரு தாய் சொன்னார். மூன்றாவது பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, கடன் கழுத்தளவு. "இது வேணாம்" என்றது கணவர். இரண்டு வருடம் கழித்து வந்த ஒரு சண்டையில் அவரே, "நீ புள்ளயக் கொன்னவள்தானே" என்றாராம். முடிவு அவருடையது, பழி இவருக்கு.

அமெரிக்காவில் கருக்கலைப்பு நாடி வந்த ஏறத்தாழ 1000 பெண்களை 5 வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. கலைத்துக்கொண்டவர்களின் உறவும், கலைக்க முடியாமல்போனவர்களின் உறவும் முதல் இரண்டு வருடங்களில் முறிந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நாட்டு நிலைமை நமக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் எனக்கு விளங்குவது, முன்பே இருந்த விரிசலைத்தான் இது பெரிதாக்குகிறது என்பது.

120 நாட்களுக்கு முன் கலைப்பது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கருத்தரித்த நிலையிலிருந்தே அது குற்றம், நாள் கூடக்கூடக் குற்றமும் கூடும் என்கிறார் இமாம் கஸ்ஸாலி. அதை ஆலிமிடமும் வைத்தியரிடமும் சேர்ந்தே போய்க் கேட்க வேண்டும். நான் சொல்வது அதற்கு முந்தியது. பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் மனமொத்துக் கலந்தாலோசித்துச் செய்யச் சொல்கிறது சூரா பகராவின் 233 ஆவது வசனம். அப்படியிருக்க, கருவைப் பற்றிய முடிவை ஒருவர் மட்டும் எப்படி எடுப்பது?

கணவனுக்கும் துக்கம் இருக்கும். அழுதால் ஆண்மைக்குக் குறைவு என்று வளர்த்துவிட்டோம், அது கோபமாக வெளியே வருகிறது.

குடும்பத் திட்டமிடல் கிளினிக் நாளில் போய்ப் பாருங்கள். மனைவி உள்ளே வரிசையில் நிற்பார், கணவர் வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போக அவருக்கும் அனுமதி உண்டு.