தென்னோலையிற் சுரங்கம்: இனங்காணலும் பயனும்

புத்தளம் மாவட்டக் கரையோரமாகச் சிலாபத்திலிருந்து தெற்கே வென்னப்புவ வரை செல்வோர் வழிநெடுகத் தென்னந்தோப்புகளைக் காண்பர். அங்கு ஓலை பழுப்படையின் வரட்சியே காரணமெனக் கொள்ளுதல் வழக்கம். எனினும் வரட்சி, பங்கசு, பூச்சி ஆகிய மூன்றும் ஓலையைப் பழுப்பாக்க வல்லன. இவற்றுள் இலைச்சுரங்கப் பூச்சியின் செயலை வேறுபடுத்தி அறியும் முறையை ஈண்டு நோக்குவோம்.

இலையின் மேற்றோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே வாழ்ந்து, நடுவிலுள்ள பசிய இழையத்தை உண்ணும் குடம்பிகளையே இலைச்சுரங்கப் பூச்சிகள் என்கின்றோம். வண்டு, அந்து, ஈ, குளவி ஆகிய நான்கு வரிசைகளிலும் இவை உள. இவற்றை அறிய ஓலையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். இரு தோல்களும் கொப்புளம் போற் பிரிந்து, உள்ளே குடம்பியும் எச்சமும் நிழலாகத் தோன்றின் அது சுரங்கமாம். தென்னோலையின் நரம்புகள் சமாந்தரமானவை. ஆதலாற் சுரங்கமும் அவற்றின் வழியே நீளும். கருந்தலைப்புழுவோ ஓலையின் அடிப்புறத்தே எச்சத்தாலும் நூலாலும் கூடமைத்து, வெளியிலிருந்தே சுரண்டி உண்ணும். வரட்சியாற் காய்ந்த ஓலையில் இத்தகைய கொப்புளமும் இல்லை, எச்சமும் இல்லை.

1970ஆம் ஆண்டளவில், தென்கிழக்காசியாவுக்குரிய புரொமெக்கோதிக்கா கமிங்கி என்னும் வண்டு இலங்கையிற் காணப்பட்டது. குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களடங்கிய தென்னை முக்கோணத்தை அது அச்சுறுத்தியது. அதன் குடம்பி ஓலைக்குள்ளேயே வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகும்; நிறையுடலி வெளிவந்து ஓலையின் அடிப்புறத்தை நேர்கோடுகளாகச் சுரண்டும். உயர்ந்த மரங்களிற் பூச்சிநாசினி தெளித்தல் அரிது. தெளிப்பினும் அது தோல்களுக்கிடையே கிடக்கும் குடம்பியை எளிதில் எய்தாது. வெளியே திரியும் இயற்கைப் பகைவரையே அழிக்கும்.

இவ்வண்டின் உறவினம் ஒன்றை அடக்குதற்பொருட்டு, 1933இல் யாவாவிலிருந்து பீஜித் தீவுக்கு ஒரு சிறு குளவி கொண்டுசெல்லப்பட்டு வெற்றி கிட்டியிருந்தது. இலங்கையிலும் பூச்சியின் இனம் தெளிவாக அறியப்பட்டமையால், அதற்குரிய பகைவனைத் தேடுதல் இயன்றது. 1971–72இற் சிங்கப்பூரிலிருந்து டிமொக்கியா யவானிக்கா என்னும் ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டது. அது சுரங்கத்தினுள் இருக்கும் குடம்பியைத் தேடி முட்டையிடும். பொரிக்கும் இளங்குளவிகள் குடம்பியை உண்டு வளரும். இவ்வாறு வண்டின் பெருக்கம் அடங்கிற்று.

கருந்தலைப்புழுவெனவோ வரட்சியெனவோ பிழைபட எண்ணியிருப்பின் இக்குளவியைத் தேடுவார் இலர். எனவே பழுத்த ஓலையைக் கண்டதும் மருந்தை நாடாது, முதலில் அதனை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்க்குமாறு தோப்புடையோரை வேண்டுகின்றோம். ஐயமெழின் உசாவுதற்குரிய தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இம்மாவட்டத்து லுணுவிலவிலேயே உளது.